காய்ச்சலில் வந்த நீலச் சைக்கிள்

சம்பந்தி, கழன்றுவிட்டது!

அந்தச் சைக்கிள் ஃப்ரேமின் வலது பக்கத்துக் கப்பைத்தான் சொல்கிறேன். இன்று காலை, உறையூர் வீட்டுக் கொல்லையில், நான் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கழன்றது. உள்ளே இருந்த பழைய கிரீஸ் கருத்து மெழுகாக உறைந்துபோயிருந்தது. விரலால் கொஞ்சம் வழித்து முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாசனைக்கு மேல் உங்கள் மருந்துக்கடை வலித் தைலத்தின் வாசனை தூக்கி அடித்தது. மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலத்தின் காரம் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அந்தத் தைலத்தை ஊற்றியதே நீங்கள்தானே? மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், எதற்கும் அது அசையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து நீங்கள் வந்தபோது சட்டைப் பையில் ஒரு பாட்டில் இருந்தது. "மூட்டு பிடிச்சுக்கிட்டா மனுஷனுக்கு எதைத் தேய்க்கிறோமோ அதைத்தான் இதுக்கும் தேய்க்கணும் சம்பந்தி" என்றீர்கள். பாதியைக் கப்பின் விளிம்பில் ஊற்றிவிட்டு, மீதியை உங்கள் தோளில் தேய்த்துக்கொண்டீர்கள். தோள் அன்றைக்கே இளகியது. கப் இளக இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

இதைச் சொல்லிக் குதிக்க எனக்கு ஆளே இல்லை. மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அப்படியாப்பா? சந்தோஷம்பா. சாப்பிட்டீங்களா?" என்றாள். உங்கள் மருமகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தவரை உங்களால் முடியாத காரியம் அது ஒன்றுதான்.

நாம் முதன்முதலில் சந்தித்தது என் மகளைப் பெண் பார்க்க நீங்கள் வந்த அன்று. கூடத்தில் நின்ற என் பழைய ரேஸ் சைக்கிளை முந்தின நாளே என் மனைவி பின்னறைக்குத் தள்ளி, மேலே ஒரு போர்வையையும் போட்டு மூடிவிட்டாள். "வர்றவங்க கண்ணுல இது பட்டா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்பது அவள் கவலை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. கை கழுவப் போன நீங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு வந்தால், போர்வையை விலக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் சைக்கிளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பெண் வீட்டுக்காரனிடம் எந்த மாப்பிள்ளையின் அப்பாவும் கேட்டிருக்க முடியாத கேள்வியை என்னிடம் கேட்டீர்கள்.

"இது ஃப்ரெஞ்சு இல்லையே?"

"இல்லீங்க. இங்கிலீஷ்."

"அதான் பார்த்தேன். ஹேண்டில் தண்டு கொஞ்சம் தடிமனா இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் நான் உங்களுக்கு அடிமையாகிவிட்டேன். இங்கிலீஷ் சைக்கிளின் ஹேண்டில் தண்டுக்கும் ஃப்ரெஞ்சு சைக்கிளின் தண்டுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற ஒரு மனிதர், அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில்! தில்லை நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் சட்டைப் பையில் லென்ஸ் இல்லாமலா இருப்பான்? எடுத்து உங்களிடம் கொடுத்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். காப்பி ஆறிப்போனது. கூடத்திலிருந்து உங்கள் மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, பொண்ணைப் பார்க்க வந்தோமா, சைக்கிளைப் பார்க்க வந்தோமா?" தன் கல்யாணத்தை முடித்துவைத்தது ஜாதகம் இல்லை, ஹேண்டில் பார் என்று என் மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பின்னறையில்தான் உங்கள் காரைக்கால் கதையை முதலில் கேட்டேன். உங்களுக்கு ஏழு வயது. ஃப்ரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் உங்கள் தெருவழியே ஒரு சைக்கிளில் வந்தார். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலக்கினால் வருமே, அந்த நீலம். ஆட்டுக்கடா கொம்பு போல வளைந்த ஹேண்டில். உங்களை முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரை வரை போனார். போகும்போதே குனிந்து, தம் இரண்டு கால்களுக்கும் நடுவே கையை விட்டு எதையோ இழுத்தார். சங்கிலி தாவியது. சைக்கிள் பறந்தது.

கால்களுக்கு நடுவே கியரா? நான் சிரித்துவிட்டேன். ரேஸ் சைக்கிளின் கியர் பிடி சாய்வான கீழ்க் கம்பியில்தான் இருக்கும் என்று உங்களுக்கே பாடம் எடுத்தேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் சிரிப்பாங்க. எங்க அண்ணன்தான் நிறைய சிரிப்பாரு" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் அண்ணனைக் கல்யாணத்தில் பார்த்தேன். காரைக்கால் வீட்டிலேயே இருந்துவிட்டவர், உங்களைவிட நான்கைந்து வயது பெரியவர், ஒல்லியாக, விறைப்பாக. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் காதில் விழும்படியாகவே சொன்னார். "இவனுக்குச் சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சுங்க. காய்ச்சல்ல ஒரு சைக்கிள் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு, சைக்கிள் போகலை." பந்தியே சிரித்தது. நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினீர்கள். வாழ்நாள் முழுக்க உங்களை அரித்த விஷயம் அதுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறீர்கள், கூடப் பிறந்தவரே அது கனவு என்கிறார்.

பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! பழைய இரும்புக் கடைகள், வாடகைச் சைக்கிள் கடைகளின் பின்கட்டுகள், யாரோ ஒருவர் மாமனார் வீட்டுப் பரண். நீங்கள் ஒரு விதி வைத்திருந்தீர்கள். "முதல்ல அது எந்த ஊர்னு கேளுங்க. அப்புறம் வயசு கேளுங்க." சம்பந்தம் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்வேன். ஆனால் விதி சரியானது. மாட்டியிருக்கிற சாமானைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிரேக், பெடல், சக்கரம் எல்லாம் ஊர் ஊராக மாறி வந்து உட்காரும். ஃப்ரேமின் குழாய் அளவும் திருகு மறையும்தான் பிறந்த ஊரைச் சொல்லும்.

தில்லை நகரில் அந்த ஓட்டலை மறக்க முடியுமா? சுவரில் அலங்காரமாக ஒரு சைக்கிளை மாட்டி, பிரான்ஸ் நாட்டு ரேஸ் சைக்கிள் என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். நெய் ரோஸ்ட் வருவதற்குள் நீங்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டீர்கள். சர்வர் ஓடி வந்தார். "சார், சார், என்ன சார் வேணும்?" நீங்கள் லென்ஸை மடக்கிக்கொண்டு அமைதியாக இறங்கினீர்கள். "ஒண்ணும் வேணாம் தம்பி. ஹேண்டில்தான் வளைஞ்சிருக்கு. உடம்பு நம்ம லூதியானா." அதற்குப் பிறகு அந்த ஓட்டலுக்கு நம் மனைவிமார் நம்மை அழைத்துப் போனதே இல்லை. "ரெண்டு பேருக்கும் மறை கழண்டு போச்சு" என்பது அவர்கள் இருவரும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு.

அப்புறம் மண்ணச்சநல்லூர். வருஷத்துக்கு வேண்டிய அரிசி எடுக்கத்தான் போனோம். மில்லுக்குப் பின்னால் உமி கொட்டி வைத்திருந்த கொட்டகையில் ஒரு வளைந்த ஹேண்டில் மட்டும் உமிக்கு மேல் தெரிந்தது. அரிசி மூட்டையைப் போட்டது போட்டபடி நீங்கள் ஓடினீர்கள். எனக்கு அந்த ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது, மடித்துக் கட்டிய வேட்டியும், முழங்கால் வரை உமியும். தோண்டி எடுத்தோம். ஹேண்டில் தவிர உச்சி முதல் பாதம் வரை பச்சை. மில் மிஷின்களுக்கு அடிக்கிற அதே பச்சை.

"அதுங்களா?" என்றார் மில்காரர். "எங்க அப்பா காலத்துல காரைக்கால் பக்கம் ஒரு பழைய மில்லைப் பிரிச்சு லாரியில ஏத்திட்டு வந்தாரு. அந்தச் சாமானோட சாமானா வந்துச்சு. மிஷினுக்குப் பெயின்ட் அடிச்சவன் இதுக்கும் சேர்த்து அடிச்சுட்டான். எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது."

காரைக்கால் என்ற பெயரைக் கேட்டதும் நீங்கள் என் கையைப் பிடித்தீர்களே, வலித்தது. "அதே சைக்கிள் சம்பந்தி. அதே சைக்கிள்."

நான்தான் விடவில்லை. காரைக்காலில் இருந்து வந்த ஒரே காரணத்துக்காக அதே சைக்கிளாகிவிடுமா? கொல்லையில் வைத்து நகத்தளவு சுரண்டிப் பார்த்தோம். பச்சைக்குக் கீழே ரெட் ஆக்சைடு, அதற்குக் கீழே வெறும் இரும்பு. பழைய பெயின்ட்டை மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். நீலம் எங்கே என்று கேட்டேன். பின்சக்கரத்தில் தொங்கிய கியர் பிளாஸ்டிக். உங்களுக்கு ஏழு வயதில் அந்த மாதிரி வரவே இல்லை, எழுபதுகளின் சாமான் அது என்றேன். "யாரோ பின்னாடி மாத்தியிருப்பாங்க" என்றீர்கள். ஹேண்டில் தண்டு மெல்லியதுதான், பிரேக்கும் ஃப்ரெஞ்சுதான், ஆனால் ஃப்ரேம் இங்கிலீஷ், இது ஒட்டுமாஞ்செடி என்றேன். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றீர்கள்.

நடுவில் ஒருநாள் கம்ப்யூட்டரில் ஒரு பழைய படம் அகப்பட்டது. ஐம்பதுகளின் ஃப்ரெஞ்சு ரேஸ் சைக்கிள். சீட்டைத் தாங்கும் குழாயின் அடியில், முன் பல்சக்கரத்துக்கு மேலே, நிமிர்ந்த ஒரு குச்சி. ஓட்டுகிறவர் குனிந்து கால்களுக்கு நடுவே கையை விட்டு அதைத் தள்ளினால் சங்கிலி சின்னப் பல்லிலிருந்து பெரிய பல்லுக்குத் தாவும்! பிறகு கம்பி வைத்த பிடிகள் வந்து அந்தக் குச்சி வழக்கொழிந்து போயிருக்கிறது. அன்றைக்கு நான் உங்கள் முன்னால் எழுந்து நின்று கும்பிட்டேன். நீங்கள் உடனே அண்ணனுக்கு ஃபோன் போட்டீர்கள். அவர் கேட்டுவிட்டு, "படத்தைப் பார்த்துட்டு இப்போ கதையில சேர்த்துக்கறான்" என்றார். உங்கள் முகம் சுருங்கிப்போனது. படம் கிடைப்பதற்குப் பல வருஷம் முன்பே, என் வீட்டுப் பின்னறையில், நீங்கள் அதைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன் என்று நான் ஃபோனில் கத்தினேன். அவர் வைத்துவிட்டார்.

ஆக, மிச்சமிருந்தது ஃப்ரேம் ஒன்றுதான். அதன் ஊரைச் சொல்லக்கூடியது வலது பக்கத்துக் கப். பெடல் தண்டு சுழல்கிற குழிக்குள் இரண்டு பக்கமும் திருகியிருக்கும் இரும்புக் கிண்ணங்களில் ஒன்று. இடது கப் கழன்று வந்தது, ஆனால் துருவில் அதன் அளவு பிடிபடவில்லை. வெர்னியர் அளவுகோலை வைத்து நீங்கள் ஃப்ரெஞ்சு அளவு என்பீர்கள், நான் துருவைக் கழித்தால் இங்கிலீஷ் அளவு என்பேன். வலது கப்போ அசையவே இல்லை. கப்பின் விளிம்பை வைஸ் இடுக்கியில் பூட்டி, ஃப்ரேமை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்துச் சுற்றினோம். உங்கள் தோள் போனது, என் முதுகு போனது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம். எங்க போயிடப் போகுது?" என்றீர்கள்.

அது எங்கும் போகவில்லை. நீங்கள்தான் போனீர்கள். ஐப்பசி மழையில், கடையில் உட்கார்ந்தபடியே. உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது. பாதி வழக்கில் எழுந்து போகிறவரை என்ன சொல்வது? காரியத்தன்று உங்கள் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தச் சைக்கிள் என்னாச்சு?" என்று கேட்டார். இன்றைக்கும் கிண்டலா என்று எனக்குச் சுர்ரென்றது. பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். உங்கள் மனைவியோ, "அதை நீங்களே வச்சுக்குங்க அண்ணே. பாவம், அவர் கனவு அது" என்றார். அவரும் கனவு என்றுதான் சொன்னார், சம்பந்தி.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். மாதக்கணக்கில் வைஸிலேயே கிடந்த ஃப்ரேமைக் குளிருக்கும் வெயிலுக்கும் விட்டு, அவ்வப்போது உங்கள் தைலத்தை நாலு சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். காலையில் வழக்கம்போல ஒரு சுற்று மல்லுக்கட்டிவிட்டு, தோற்றுப்போய், காப்பியை எடுத்தேன். ஃப்ரேம் கொல்லை வழியை மறித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி துவைத்த துணி வாளியோடு வந்தாள். "வழியை அடைச்சுக்கிட்டு இது ஒண்ணு" என்று இடுப்பால் ஓர் இடி இடித்தாள். அவள் தள்ளியது நாம் எப்போதும் சுற்றும் திசைக்கு நேர் எதிர்த் திசை.

க்ரீச்.

சத்தம் கேட்டு அவளே பயந்துபோனாள். "ஐயையோ, உடைச்சுட்டேனா?" நான் டம்ளரைக் கீழே வைக்காமலே எழுந்தேன், காப்பி பாதி என் மேல். ஃப்ரேமைப் பிடித்து அவள் தள்ளிய பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

புரிகிறதா? நம் ஊரில் ஓடுகிற சைக்கிள்களுக்கு வலது கப்பில் தலைகீழ் மறை. மற்ற எல்லாத் திருகையும் ஒரு திசையில் கழற்றினால் இதை மட்டும் மறு திசையில் கழற்ற வேண்டும். அது இங்கிலீஷ் வழக்கம், நம் கைகளுக்கு ஊறிப்போன வழக்கம். இந்த ஃப்ரெஞ்சுக் கப்புக்கோ தலைகீழ் மறையே கிடையாது, சாதாரண மறை! இங்கிலீஷ் என்று வாதாடிய நான் அப்படிச் சுற்றியது கிடக்கட்டும். ஃப்ரெஞ்சு, ஃப்ரெஞ்சு என்று தொண்டை வற்றக் கத்திய நீங்களும் இங்கிலீஷ்காரன் திசையில்தானே சுற்றினீர்கள்? ஊரைக் கேளுங்கள் என்று எனக்கு விதி சொல்லிவிட்டு, கப்பில் கை வைத்தபோது நீங்களே கேட்கவில்லை! ஞாயிறுதோறும் நாம் அதைக் கழற்றவில்லை சம்பந்தி, உயிரைக் கொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தோம். கொல்லையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்காததுதான் தாங்கவில்லை.

இன்னும் முடியவில்லை, கேளுங்கள். கப்பின் விளிம்பு ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைத் துடைத்தேன். பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தவர்கள் கப்பைக் கழற்றவில்லை அல்லவா? விளிம்பு மூடியிருந்த இடத்தில், ஃப்ரேமின் மேல், ஒரு மோதிரத்தின் அகலத்துக்கு, பழைய நிறம் அப்படியே இருந்தது. நீலம்! சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலக்கினால் வருமே, அந்த நீலம். என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் இதே வார்த்தையைச் சொன்னதை அவளும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். தன் முந்தானையால் அந்த நீலத்தின் மேலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

உடனே பிளேடை எடுத்து வந்தேன். சீட்டுக் குழாயின் அடிப்பகுதியில் மட்டும் பச்சையையும் ரெட் ஆக்சைடையும் மெதுவாகச் சுரண்டி எடுத்து லென்ஸை வைத்தேன். முன் பல்சக்கரத்துக்குச் சற்று மேலே, இரும்பிலேயே ஒரு பட்டை கவ்வியிருந்த தடம். அந்தத் தடத்துக்கு மேலே வில் போல வளைந்த ஒரு தேய்மானம், மழமழவென்று. ஒரு குச்சி இப்படியும் அப்படியும் ஆடி ஆடி உரசிய இடம். பிளாஸ்டிக் கியர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஊர் பிரான்ஸ், வயது ஐம்பதுகள், சம்பந்தி. வழக்கில் நான் தோற்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

ஃபோனில் சொல்கிற விஷயமா இது? ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, கப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என்னையும் ஃப்ரேமையும் மாறி மாறிப் பார்த்தார். "இது சைக்கிளா, லக்கேஜா? வீல் இல்லாததுக்கு என்னன்னு டிக்கெட் போடறது?" ஃப்ரெஞ்சு சைக்கிள் என்று பெருமையாகச் சொன்னேன். "எந்த நாடா இருந்தாலும் ஓரமா வைங்க பெரியவரே" என்றார். காவிரிப் பாலத்தில் காற்று உள்ளே வந்தபோது தைல வாசனை பஸ் முழுக்கப் பரவியது. முன் சீட்டு அம்மாள் திரும்பி, "முதுகு வலிங்களா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

உங்கள் மனைவி கப்பைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார். நான் நீலத்தைக் காட்டினேன், வில் போன்ற தேய்மானத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். "அப்போ அவர் பார்த்தது நெசமா அண்ணே?" என்றார். நிஜம் என்றேன். சட்டென்று எழுந்து உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்து, காரைக்காலுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். உங்கள் அண்ணனை அவர் மாமா என்றுதானே கூப்பிடுவார்?

"மாமா, அந்தச் சைக்கிள் நீலம்தானாம். சம்பந்தி அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. ஃப்ரெஞ்சுதானாம். நடுவுல கியர் இருந்த தடம்கூட இருக்கு." குரல் உடைந்தது. "அவர் இருக்கும்போது நீங்க ஒரு தடவைகூட நம்பலையே மாமா."

நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போது அவர் பேசினார்.

"குச்சியோட உச்சியில ஒரு சின்ன உருண்டை இருக்கும். கோலிக்குண்டு மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருண்டை! படத்தில் இருந்தது. ஆனால் நீங்கள் ஒரு நாளும் உருண்டையைப் பற்றிச் சொன்னதில்லையே?

"அவனுக்குத் தெரியாது" என்றார், நான் கேட்காமலே. "அவன் முன்னாடி கம்பியில உட்கார்ந்திருந்தான். பின்னாடி ஓடினவனுக்குத்தான் அது தெரியும். வெயில்ல பளபளன்னு இருந்துச்சு. அந்தப் பட்டாளத்துக்காரர் அவனை மட்டும்தான் ஏத்திக்கிட்டாரு. நீ பெரிய பையன், வெயிட்டு தாங்காதுன்னுட்டாரு. நான் கடற்கரை வரைக்கும் பின்னாடியே ஓடினேன்." மூச்சு வாங்கியது அவருக்கு, இப்போதுதான் ஓடி வந்தவர் மாதிரி. "அன்னிக்கே அவனுக்குக் காய்ச்சல். சைக்கிள் சைக்கிள்னு பொலம்பினான். என்ன சைக்கிள்டான்னு அம்மா என்னைக் கேட்டாங்க. ஒரு சைக்கிளும் இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? சொன்னதையே சொல்லிட்டு இருந்துட்டேன்."

உங்கள் மனைவி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். "இதுக்காகவா மாமா? இதுக்காகவா இவ்வளவு வருஷம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி இருக்காரா அங்க?" என்றார் உங்கள் அண்ணன். இருக்கிறேன் என்றேன். காரியத்தன்று அவர் கேட்ட கேள்வி இப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கிண்டலே இல்லை.

"அதை ஓடற மாதிரி பண்ணிடுவீங்களா?"

"பண்ணிடறேங்க."

"முன் கம்பியில ஒரு ஆளு உட்காரலாமா? நான் இப்போ ரொம்ப எளைச்சுட்டேன். வெயிட்டெல்லாம் இல்லை."

தாங்கும் என்று சொன்னேன்.

ஃப்ரேமைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். கப் மட்டும் என் சட்டைப் பையில், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை மாட்டும் வரை அங்கேதான் இருக்கும், சட்டை கறையானாலும் பரவாயில்லை. இனிமேல் இறுகிப்போன எதைக் கண்டாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். உங்கள் அண்ணனிடம் அதை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் நாம், இரண்டு பேரும்.

குச்சியையும் அதன் உச்சியில் உருண்டையையும் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். நீலத்துக்குப் பெயின்ட் கலக்குகிற ஆளிடம் ஃப்ரேமில் இருக்கும் அந்த நீல வளையத்தைக் காட்டினால் போதும். எல்லாம் ஆனதும் உங்கள் அண்ணன் வருவார். கொள்ளிடக் கரையில், வண்டிகள் குறைவாக இருக்கும் காலை நேரத்தில், அவரை முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு மிதிப்பேன். வேகம் பிடித்ததும் குனிந்து கையை விட்டு அந்தக் குச்சியை இழுப்பேன். சங்கிலி தாவும்.

இந்தத் தடவை நீங்கள் பின்னால் ஓடி வாருங்கள், சம்பந்தி.